நம்மைச் சுற்றி நிற்கும் நினைவுக் கற்கள்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்பது திரும்பிப் பார்க்கும் காலம். நமது ஆலயம் எழுந்த கதையையும், அதற்காகப் பாடுபட்டவர்களின் தொண்டையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். ஆகவே நாம் ஆலய வாசலைத் தாண்டி வெளியே வந்து, நம் குடியிருப்பைச் சுற்றி நிற்கும் சில நினைவுச் சின்னங்களைப் பார்த்து வரலாம் என்று எண்ணுகிறோம். தினமும் அவற்றைக் கடந்துதான் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளும் அவற்றைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள்.

இந்த ஊரில் வழி சொல்வதைச் சற்றுக் கவனியுங்கள். “குமரன் சிலைகிட்ட இறங்கிக்கோ”, “காந்தி நகர் ஸ்டாப்பிலே நிற்கிறேன்”, “ஜெய்வாபாய் ஸ்கூல் தாண்டி வா” என்கிறோம். பெயர்கள் நாவில் இருக்கின்றன. பெயருக்கு உரியவர் யார் என்ற எண்ணம் நெஞ்சில் இல்லை. தியாகியின் பெயர் பஸ் நிறுத்தத்தின் பெயராகிவிட்டது. ஊர் பெரிதாகும்போது இப்படி நேர்வது இயற்கையே. ஆயினும் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லதா என்பதுதான் இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

பழைய ஏற்பாட்டில் யோசுவா யோர்தான் ஆற்றைக் கடந்த நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து கரையில் நாட்டினார்கள். எதற்காக? பின்னாளில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேட்கும்போது பெற்றோர் கதை சொல்ல வேண்டும் என்பதற்காக. கல்லை நாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கேட்கும் பிள்ளையும் வேண்டும், சொல்லும் பெற்றோரும் வேண்டும். இவ்விருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது வெறும் கல்லாகிவிடும்.

முதலில் ரயில் நிலையத்துக்குப் போவோம். நம்மில் பெரும்பாலோர் இந்த ஊரை முதன்முதலில் கண்டது அந்த நிலையத்தின் வாசலில்தான். அதன் அருகிலேயே தியாகி குமரனின் நினைவிடம் இருக்கிறது. அங்கிருந்து செல்லும் சாலைக்கும் குமரன் சாலை என்றே பெயர்.

குமரன் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சென்னிமலையில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறித் தொழிலில் குடும்பத்தை ஓட்ட முடியாத வறுமை. வேலை தேடித் திருப்பூருக்கு வந்து, பஞ்சாலையில் எடைக் கணக்குப் பார்க்கும் பணியில் சேர்ந்தார். உழைத்த நேரம் போக மிச்சத்தை நாட்டு விடுதலைப் பணிக்குக் கொடுத்தார். 1932 ஜனவரி 4-ஆம் நாள் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். நாடெங்கும் மறியலும் ஊர்வலமும் எழுந்தன. ஜனவரி 10-ஆம் நாள் திருப்பூரில் பி. எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு தொண்டர் படை கொடியேந்திப் புறப்பட்டது. போலீசாரின் தடியடியில் குமரனின் மண்டை உடைந்தது. கீழே விழுந்த நிலையிலும் அவர் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள், ஜனவரி 11-ஆம் நாள், உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. “கொடி காத்த குமரன்” என்று தமிழகம் அவரைப் போற்றுகிறது. 2004-ஆம் ஆண்டு, அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இந்தக் கதை பள்ளிப் பாடத்தில் வருவதுதான். ஆனால் அதில் ஒரு செய்தியை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். திருப்பூரின் பெயரையே தன் பெயரின் முன்னால் தாங்கி நிற்கும் குமரன், திருப்பூரில் பிறந்தவர் அல்லர். பிழைக்க வந்தவர். இன்று திண்டுக்கல்லிலிருந்தும், தேனியிலிருந்தும், மதுரை, நெல்லைப் பக்கங்களிலிருந்தும் துணிப்பையுடன் வந்து இறங்கிய நம் குடும்பங்களைப் போலவே வந்தவர். இந்த ஊரின் தலைமகன் ஒரு வெளியூர்த் தொழிலாளி! அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே நடப்போம்.

அவிநாசி சாலையில் காந்தி நகர் இருக்கிறது. நாட்டில் எத்தனையோ காந்தி நகர்கள் உண்டு. நம்முடையதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டு காந்தியடிகள் அகில இந்திய சர்க்கா சங்கத்தை அமைத்தார். அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர்தான் தலைமையிடமாக விளங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஏழைப் பெண்கள் இராட்டையில் நூற்ற நூல், கதராகி, திருப்பூர் வழியாகத்தான் தமிழகமெங்கும் சென்றது. பின்னாளில் அப்பணி சர்வோதய சங்கத்தின் கைக்கு வந்தது. பனியன் நகரம் என்று உலகம் நம்மை அறிவதற்கு முன்பே கதர் நகரம் என்று நாடு நம்மை அறிந்திருந்தது. அந்த வரலாற்றின் அடையாளமே காந்தி நகர்.

ஆஷர் நகர் என்கிறோம். அது தொழிலிலும் காங்கிரஸ் இயக்கத்திலும் முன்னின்ற ஆஷர் குடும்பத்தின் பெயர். குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம் அது. ஜெய்வாபாய் பள்ளி என்கிறோம். ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் படித்து வெளிவந்த மாநகராட்சிப் பள்ளி. நம் வீட்டுப் பெண்களிலும் அங்கே படித்தவர்கள் உண்டு. ஜெய்வாபாய் என்பது ஓர் அம்மையாரின் பெயர் என்பதை அங்கே படித்த பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

இனி காதர்பேட்டைக்கு வருவோம். திருவிழாவுக்குத் துணி எடுப்பதற்கும், செகண்ட்ஸ் பனியன் வாங்குவதற்கும் நாம் நுழைந்து புறப்படாத சந்து அங்கே இல்லை. 1925-ஆம் ஆண்டு குலாம் காதர் என்பவர் பேபி நிட்டிங் என்ற பெயரில் தொடங்கியதே இவ்வூரின் முதல் பனியன் கம்பெனி என்று தொழில் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அன்று பனியன் தொழிலின் பெரிய களம் கல்கத்தா. அந்தத் தொழில் இங்கே வந்து வேர் பிடித்தது. நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங் என்று இன்று எத்தனை கைகள் மாறி ஒரு பனியன் உருவாகிறது! கைமடியாகச் சேர்ந்து, டைலராகி, பவர் டேபிள் போட்டு, சொந்தக் கம்பெனி வைத்தவர்களும் நம்மிடையே உண்டு. ஒரே ஆண்டில், ஒருபுறம் இராட்டையின் சங்கமும் மறுபுறம் பின்னல் இயந்திரமும் காலூன்றியதை எண்ணிப் பாருங்கள். திருப்பூரின் முழு வரலாறும் அந்த 1925-இல் அடங்கியிருக்கிறது.

இன்னொரு சந்திப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஈரோட்டுப் பெரியாரும் காஞ்சிபுரத்து அண்ணாவும் முதன்முதலில் சந்தித்தது 1934-ஆம் ஆண்டு, திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில்தான். தமிழக அரசியலையே மாற்றிய நட்பு இங்கே தொடங்கியது. இவ்வூரின் மண்ணுக்கு அப்படி ஓர் இயல்பு. வெவ்வேறு ஊரார் வந்து கூடும் இடமாகவே அது இருந்து வந்திருக்கிறது.

எல்லா நினைவுக்கும் சிலை இருப்பதில்லை. 1984-ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். அது 127 நாட்கள் நீடித்தது. நான்கு மாதங்களுக்கு மேல் கூலி இல்லை. வாரச் சம்பளத்தை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு எரிந்த நாட்களைவிட எரியாத நாட்கள் எத்தனை என்று அந்தத் தாய்மார்களைக் கேட்டால்தான் தெரியும். அவர்களுடைய நினைவுதான் அந்தப் போராட்டத்தின் நினைவு மண்டபம். அவர்கள் மறைந்துவிட்டால் மண்டபமும் மறைந்துவிடும்.

வடக்கே பெருமாநல்லூருக்குப் போகும் வழியில் நம் சொந்தக்காரர்கள் பலர் குடியிருக்கிறார்கள். அந்த ஊரில் விவசாயிகளின் நினைவுத் தூண் நிற்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அங்கே திரண்ட விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் மாண்டனர். கிணற்றில் நீர் ஆழத்துக்குப் போய்விட்ட கொங்கு நாட்டு விவசாயிக்கு மின்சாரக் கட்டணம் உயிர்ப் பிரச்சினை. ஆண்டுதோறும் அந்நாளில் விவசாயிகள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். பனியனுக்கு நூல் வேண்டும், நூலுக்குப் பஞ்சு வேண்டும், பஞ்சுக்கு நிலமும் நீரும் வேண்டும். ஆகவே அந்தத் தூண் நமக்கு அந்நியமானது அன்று.

நீர் என்று சொன்னதும் நொய்யல் நினைவுக்கு வருகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. நம் ஊரின் நடுவே ஓடுகிறது. பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போன காலம் ஒன்று உண்டு. ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்தே இந்த வாரம் என்ன கலர் ஆர்டர் என்று சொல்லிவிடலாம் என்று வேடிக்கையாகப் பேசினோம். கீழே இருந்த உழவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நிலம் உவர்ந்தது, கிணறுகள் கெட்டன. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. அங்கே வேலை செய்த நம்மவர்கள் எத்தனையோ பேர் திகைத்து நின்றனர். ஒரு பக்கம் நம் பிழைப்பு, மறுபக்கம் அவர்கள் பிழைப்பு. ஒரத்துப்பாளையம் அணையில் யாரும் நினைவுக் கல்வெட்டு நாட்டவில்லை. ஆனாலும் அதுவும் நம் நினைவுச் சின்னங்களில் ஒன்றே. பெருமைக்கு உரியதை மட்டும் நினைவில் வைத்திருப்பது பாதி நினைவுதான்.

ஆறுதல் தரும் ஒன்றையும் சொல்லிவிடுவோம். ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-இல் தமிழக அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தொலைதூர நாடுகளிலிருந்து பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. இந்த ஊருக்குப் பிழைக்க வருவோர் மனிதர் மட்டும் அல்லர் போலும்!

நொய்யலின் கரையோடு கிழக்கே போனால், சென்னிமலைக்கு மேற்கில் கொடுமணல் என்ற சிற்றூர் வரும். சங்க இலக்கியத்தில் கொடுமணம் என்று குறிக்கப்படும் ஊர் இதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1980-களில் தொடங்கிப் பல முறை அங்கே அகழாய்வு நடந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், அரிய மணிகளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள், நூல் நூற்றிருக்கிறார்கள். நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. இறந்தவர்களுக்காக நாட்டிய பெருங்கற்கள் அங்கே நிற்கின்றன. இந்த ஆற்றங்கரையின் மிகப் பழைய நினைவுச் சின்னங்களில் அவையும் சேரும். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் மக்களின் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. தமிழ்ப் பெயர்களோடு வடபுலத்துப் பிராகிருதப் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. தொழிலும் வாணிகமும் தேடி நொய்யல் கரைக்கு வடக்கேயிருந்து ஆள் வருவது நேற்று வந்த வழக்கம் அன்று!

அன்பர்களே, இத்தனை கற்களையும் பெயர்களையும் ஒரு சேர வைத்துப் பாருங்கள். சென்னிமலையிலிருந்து குமரன். குஜராத்திலிருந்து ஆஷர் குடும்பம். ஈரோட்டிலிருந்து பெரியார், காஞ்சியிலிருந்து அண்ணா. கொடுமணலின் பானை ஓட்டில் பெயர் கீறிய வடபுலத்தார். இந்த ஊரை ஊராக்கியவர்களில் பலர் வந்தவர்கள். வந்தவர்களை ஏற்றுக்கொண்டதனால் இந்த ஊர் வளர்ந்தது. இதுதான் நம்மைச் சுற்றி நிற்கும் நினைவுச் சின்னங்கள் நமக்குச் சொல்லும் சேதி.

இதை இன்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். நம் தெருவைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே அறையில் பலராகத் தங்கி, நம்மோடு அதே கம்பெனியில் வேலை செய்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தில் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது, மே மாதத்தில் சிறப்பு ரயில்களில் அவர்கள் ஊர் திரும்பியதைக் கண்டோம். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் செல்போன்களில் பரவின. அது பொய் என்று அரசும் காவல்துறையும் இந்தியிலும் அறிவிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அச்சம் பரவிவிட்டது. பயந்துபோய் மூட்டை கட்டி ரயில் நிலையத்துக்குப் போகும் ஓர் இளைஞன், போகும் வழியில் குமரனின் நினைவிடத்தைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே நினைவுகூரப்படுபவரும் தன்னைப் போலப் பிழைக்க வந்தவர்தான் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நமக்கே அது நினைவில்லையென்றால் அவனுக்கு எப்படிச் சொல்வோம்?

நாமும் ஒரு காலத்தில் வந்தவர்களே. “எந்த ஊரு நீங்க?” என்ற கேள்விக்குத் தயங்கித் தயங்கி விடை சொன்னவர்களே. வாடகைக்கு வீடு கேட்டு நடையாய் நடந்தவர்களே. இப்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் திருப்பூர் என்று இருக்கிறது. நம் முன்னோரில் சிலர் இவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். ஓர் ஊரில் நம் இறந்தோரைப் புதைத்த பிறகு அந்த ஊர் நமக்கு வெளியூர் ஆகாது. சொந்த ஊர் என்றால் அதன் பெருமையும் அதன் பிழையும் நமக்குச் சொந்தம். அதன் கதையைச் சொல்லும் கடமையும் நமக்கே.

யூபிலியை முன்னிட்டு மூன்று சிறு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். செலவு அதிகம் ஆகாதவை.

ஒன்று, ஆண்டுதோறும் ஜனவரி 11-ஆம் நாள் நம் மறைக்கல்விப் பிள்ளைகளைக் குமரன் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்வோம். மாலை போட்டுவிட்டுத் திரும்பாமல், அவர் எந்த ஊர், என்ன வேலை செய்தார், ஏன் இறந்தார் என்பதைப் பிள்ளைகளில் ஒருவரே எழுந்து சொல்லட்டும்.

இரண்டு, ஒவ்வோர் அன்பியத்திலும் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்களிடம் நம் இளைஞர்கள் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காரட்டும். முதன்முதலில் எந்த ரயிலில் வந்தீர்கள், எந்தக் கம்பெனியில் சேர்ந்தீர்கள், முதல் வாரச் சம்பளம் எவ்வளவு, 127 நாட்களை எப்படித் தள்ளினீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கட்டும். செல்போனில் பதிவு செய்தாலும் நல்லதே. அடுத்த யூபிலி மலருக்கு அதைவிடச் சிறந்த கட்டுரை கிடைக்காது.

மூன்று, கல்லறைத் திருநாளில் நம் கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அன்று ஒரு மெழுகுவர்த்தியை, இவ்வூரில் உழைத்து, உறவினர் யாரும் அருகில் இல்லாமல் மறைந்த வெளியூர்த் தொழிலாளிக்காகவும் ஏற்றுவோம். அவன் பெயர் எந்தச் சாலைக்கும் வைக்கப்படவில்லை. அவன் தைத்த பனியனை உலகில் எங்கோ ஒருவர் உடுத்தியிருக்கிறார்.

அவிநாசி சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடக்கும்போது சிற்பக்கூடங்களில் உளியின் ஓசை கேட்கும். அங்கே செதுக்கப்படும் சிலைகள் எங்கெங்கோ போகின்றன. சிற்பியால் கல்லுக்கு முகம் கொடுக்க முடியும். நாக்குக் கொடுக்க முடியாது. அந்த வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. நாளைக் காலை பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தாய்மார்கள், வழியில் ஒரு சிலையைச் சுட்டிக்காட்டி, இவர் யார் தெரியுமா கண்ணு என்று ஒரு வார்த்தை கேட்டால், இந்த உரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.